என் மகன் படத்துக்குக் கீழே இருந்த பொடி எழுத்து

சில வாரங்களுக்கு முன் டெக்சஸில் இருக்கும் ஒரு தோழி இரவு பத்து மணிக்கு அழைத்தாள். டாலஸுக்கு வடக்கே குடியிருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். “அக்கா, இங்க ஒரு பேரன்ட்ஸ் குரூப்ல சேரச் சொல்றாங்க. பிள்ளைங்க படிப்பு விஷயம்தானே, தப்பா என்ன இருக்கப் போகுது? போட்டோ எடுக்கிறதுக்கு ஒரு ஃபார்ம்ல மட்டும் கையெழுத்து கேட்டாங்க” என்றாள். போட்டுவிட்டாயா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றாள். அப்பாடா என்றிருந்தது. பெற்றோர் பெயரில், யார் பணம் என்றே தெரியாமல் நடக்கும் பள்ளிப் பிரசாரக் குழுக்களைப் பற்றி அன்றைக்கு அவளிடம் ஒன்றரை மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். 2016-இல் மாசச்சூசெட்ஸில் எனக்கு இதையெல்லாம் சொல்ல ஒருவரும் இல்லை.

அப்போது நாங்கள் வூஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். கணவருக்கு எச்-1பி என்ற வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்து வந்த எச்-4. வேலை பார்க்க அனுமதி கிடையாது. சென்னையில் ஏழு வருடம் வங்கியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவள், இங்கே வந்து துணி மடித்துக்கொண்டும் பனி தள்ளிக்கொண்டும் இருந்தேன். மகன் ஐந்தாம் வகுப்பு, மகளுக்கு மூன்று வயது. பக்கத்து ஊரில் ஒரு சார்ட்டர் பள்ளிக்குக் கணக்கிலும் அறிவியலிலும் நல்ல பெயர். நம் ஆட்கள் ஒருவர் விடாமல் அதற்கு விண்ணப்பம் போடுவார்கள். சார்ட்டர் பள்ளி என்றால் அரசுப் பணத்தில் நடப்பது, கட்டணம் இல்லை, ஆனால் ஊர்ப் பள்ளி நிர்வாகத்தின் கையில் இல்லாமல் தனி அறங்காவலர் குழு நடத்துவது. இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல். மார்ச்சில் குலுக்கினார்கள். காத்திருப்போர் பட்டியலில் என் மகனுக்கு 112-ஆவது இடம். அன்றிரவு அழுதேன் என்று சொல்ல இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அவன் படித்துக்கொண்டிருந்த ஊர்ப் பள்ளி மோசமே இல்லை. ஐந்தாம் வகுப்பில் இன்னும் பின்னக் கணக்கிலேயே நிற்கிறார்களே என்ற நம் ஊர் அம்மாக்களின் வழக்கமான கவலைதான் எனக்கும்.

ஏப்ரலில் நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் நேரத்தில் ஓர் இளம்பெண் வந்து பேசினாள். இருபத்தைந்து வயது இருக்கும். குழந்தையின் பெயரைக் கேட்டு, சரியாக உச்சரிக்கும்வரை மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். அதிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன். மாநிலத்தில் 32,000-க்கும் மேல் பிள்ளைகள் சார்ட்டர் பள்ளிகளுக்காகக் காத்திருக்கிறார்கள், எத்தனை பள்ளிகள் இருக்கலாம் என்று சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது, ஆண்டுக்கு 12 பள்ளிகள் கூடுதலாகத் திறக்கவோ விரிவாக்கவோ வழிசெய்யலாமா என்று மக்களே ஓட்டுப் போட்டு முடிவுசெய்யும் கேள்வி நவம்பர் வாக்குச் சீட்டில் வரப்போகிறது என்றாள். ‘கேள்வி 2’ என்று பின்னால் ஊரெல்லாம் பேசியது அதைத்தான். எங்களுடையது பெற்றோர் நடத்தும் அமைப்பு, உங்களைப் போன்ற ஓர் அம்மாவின் குரல் வேண்டும் என்றாள். அந்த அமைப்பின் பெயரை எழுதப் போவதில்லை. சின்ன உள்ளூர்க் குழு, இப்போது இல்லை.

என் குரல் வேண்டும் என்றாளே தவிர, என் ஓட்டும் கையெழுத்தும் அவளுக்குப் பயன்படாது. கேள்வியை வாக்குச் சீட்டில் ஏற்றத் தேவையான கையெழுத்தைப் பதிவு செய்த வாக்காளர்தான் போட முடியும். நானோ குடியுரிமை இல்லாதவள். ஓட்டுப் போட முடியாத என்னிடம் எதற்காக இவ்வளவு ஆர்வம் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. யாரோ என்னைத் தேவைப்படுகிறவளாக நடத்தினார்கள், அது போதுமாயிருந்தது. எச்-4-இல் வீட்டுக்குள் அடைந்திருப்பவர்களுக்கு இது புரியும்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை பயிற்சி. ஒரு ஹோட்டல் கூடத்தில் நாற்பது பேர், நல்ல சாப்பாடு, ஆளுக்கொரு டி-ஷர்ட், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆட்கள். ஒவ்வொருவரும் தம் கதையை இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். நான் இப்படித் தொடங்கினேன்: “என் மகனின் ஆசிரியை மிக நல்லவர். மதிய இடைவேளையில் தன் சாப்பாட்டை வைத்துக்கொண்டே அவனுக்குக் கூடுதல் கணக்கு கொடுக்கிறார். ஆனாலும் அவனுக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.” பயிற்சி கொடுத்தவர் சிரித்துக்கொண்டே, முதல் இரண்டு வரி வேண்டாம், கேட்பவர் குழம்பிப்போவார் என்றார். சரி என்று எடுத்துவிட்டேன். அடுத்த சுற்றில் ‘இன்னும் வேண்டியிருக்கிறது’ என்பது ‘அவனுடைய பள்ளியில் கிடைக்கவில்லை’ என்றானது. அதற்கடுத்த சுற்றில் ‘காத்திருக்கிறான்’ என்ற இடத்தில் ‘சிக்கிக்கொண்டிருக்கிறான்’ வந்தது. மூன்று சுற்றில் கதை என்னுடையதாக இல்லாமல் போனது, எனக்கோ நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டேன் என்ற பெருமை. யாராவது உங்கள் கதையைத் திருத்தினால், முதலில் எதை எடுக்கச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். மொழியைச் சீராக்கினால் பரவாயில்லை. உங்களுக்கு நன்மை செய்த ஒருவரைக் கதையிலிருந்து தூக்கச் சொன்னால், அங்கேயே பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

அந்தக் கூடத்து வாடகை, சாப்பாடு, டி-ஷர்ட் எல்லாவற்றுக்கும் யார் பணம் என்று ஒருமுறை கேட்கத்தான் செய்தேன். வங்கிக்காரி புத்தி. “பெற்றோர்களும் கல்வியில் அக்கறை உள்ளவர்களும்” என்றார்கள். எந்தப் பெற்றோர்? எங்கள் குழுவில் ஒருவரும் பத்து டாலர்கூடக் கொடுத்ததில்லை. கொடுக்கச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை. இப்போது நினைத்தால் அதுவே பெரிய அடையாளம். நம் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா நடத்த வீட்டுக்கு 40 டாலர் வசூலிக்காமல் முடியுமா? பெற்றோர் நடத்தும் அமைப்பு என்றால் உண்டியல் குலுங்க வேண்டும். உறுப்பினரிடம் காசே கேட்காத அமைப்புக்கு வேறெங்கிருந்தோ காசு வருகிறது.

ஜூனில் இரண்டு முறை பாஸ்டனில் மாநிலச் சட்டமன்றம் இருக்கும் ஸ்டேட் ஹவுஸுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரே நிற டி-ஷர்ட்டில் படிக்கட்டில் நின்று படம். அப்புறம் சட்டமன்ற உறுப்பினர் ஒருவருடைய அலுவலகத்தில் ஐந்து நிமிடம். நான் கதை சொன்னேன், உதவியாளர் குறித்துக்கொண்டார். எங்களோடு கோட் அணிந்த ஒருவர் வந்திருந்தார். உறுப்பினரின் ஊழியர்கள் எல்லோரையும் அவருக்குப் பெயர் சொல்லித் தெரிந்திருந்தது. நாங்கள் வெளியே வந்த பிறகும் அவர் உள்ளேயே இருந்தார். கதவுக்கு வெளியே அரை மணி நேரம் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றபோதுதான், உள்ளே நடப்பதுதான் கூட்டம், நாங்கள் அதற்கு முன்னால் வைக்கும் கோலம் என்று லேசாக உறைத்தது. மாசச்சூசெட்ஸில் இப்படிப் பணம் பெற்றுக்கொண்டு சட்டமன்ற உறுப்பினர்களிடம் பேசுகிற லாபிக்காரர்கள் மாநிலச் செயலர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். யாருக்காகப் பேசுகிறார், எவ்வளவு வாங்கினார் என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம். ஐந்து நிமிட வேலை. அடுத்த முறை கோட் போட்டவர் உடன் வந்தால் அவருடைய விசிட்டிங் கார்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் முதல் நவம்பர் வரை வாரம் எட்டு மணி நேரம் வைத்தால் 240 மணி நேரம். பெட்ரோலும் சுங்கமும் 410 டாலர். பாஸ்டனில் வண்டி நிறுத்த 380. மகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 600. பெட்ரோல், பார்க்கிங் இரண்டையும் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், ரசீதுகளோடு 790 டாலருக்குப் படிவம் கொடுத்தேன். தேர்தல் முடிந்த இரண்டாவது வாரம் அந்தப் பெண்ணின் தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. பணம் போனது போனதுதான்.

இது தவிர 350 டாலர் குடியேற்ற வழக்கறிஞருக்கு. அந்தக் கதை முக்கியம், குறிப்பாக எச்-4-இலும், மாணவரின் துணையாக வரும் எஃப்-2 விசாவிலும் இருப்பவர்களுக்கு. செப்டம்பரில் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டும் வேலை தொடங்கியது. மணிக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை தருவோம் என்றார்கள். எனக்கு வேலை அனுமதி இல்லை, பணம் வாங்க முடியாது என்றேன். அப்படியானால் பரிசு அட்டையாக வைத்துக்கொள்ளுங்கள், அது சம்பளம் இல்லையே என்றார்கள். 50 டாலர் அட்டை நான்கு வாங்கிவிட்டேன். மளிகைக்கு ஆகுமே என்றுதான். மேசை மேல் கிடந்ததைப் பார்த்த கணவர் முகம் வெளுத்துப்போனார். “என்னோட விசா நீட்டிப்பு உள்ள போயிருக்கு, நீ இதைப் போய் வாங்கியிருக்கியே” என்று அன்றைக்கு அவர் கத்தியது போல் வேறென்றைக்கும் கத்தியதில்லை. வழக்கறிஞர் சொன்னது: சம்பளம் வாங்காமல் தொண்டு செய்வது வேறு. உழைப்புக்குப் பதிலாகக் கிடைப்பது பணமாக இல்லாவிட்டாலும், அனுமதியில்லாத வேலை என்று எடுத்துக்கொள்ளப்படலாம். 200 டாலருக்குக் காசோலை எழுதி, ஒரு கடிதத்தோடு திருப்பி அனுப்பி, அதன் நகலைக் கோப்பில் வைக்கச் சொன்னார். செய்தேன். அதனால் பின்னால் எந்தச் சிக்கலும் வரவில்லை. ஆனால் எங்கள் கிரீன் கார்டு வரும்வரை அந்தக் கடிதம் என் நெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தது. தொண்டுக்குப் போகிற இடத்தில் டி-ஷர்ட்டும் சாண்ட்விச்சும் தாண்டி எது கொடுத்தாலும் கை நீட்டாதீர்கள்.

இதெல்லாம் பணம். அக்டோபர் இரண்டாம் வாரம் நடந்ததுதான் இன்றும் வலிக்கிறது. தபால் பெட்டியில் பளபளவென்று பெரிய அட்டை ஒன்று. ஒரு பக்கம் முழுக்க என் மகன் முகம். கோடையில் ஒரு பூங்காவில் எடுத்த படம், கன்னத்தில் ஐஸ்கிரீம் கறைகூட அப்படியே. அவன் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், தன்னைக் கைவிட்ட பள்ளியில் அவன் சிக்கியிருக்கிறான் என்ற பொருளில் ஒரு வரி. ஊர்ப் பெயரும் இருந்தது. அதற்கும் கீழே, யாருடைய செலவில் அச்சிட்டது என்ற சட்டப்படியான அறிவிப்பு, பொடி எழுத்தில். அங்கே எங்கள் குழுவின் பெயரே இல்லை. நான் கேள்விப்பட்டே இராத வேறொரு பெயர். பயிற்சி நாளன்று கையெழுத்திட்ட படிவத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். ‘அமைப்பும் அதன் கூட்டாளிகளும்’, ‘எந்த ஊடகத்திலும்’, ‘கால வரம்பின்றி’. மூன்றும் அங்கேயே இருந்தன. நான்தான் படிக்கவில்லை. கடன் பத்திரத்தில் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படிக்கச் சொல்லி வாடிக்கையாளர்களை விரட்டியவள் நான்.

மகன் அட்டையைப் பார்த்துவிட்டு, “நான் இப்படிச் சொன்னேனாம்மா?” என்று கேட்டான். இல்லை என்றேன். “அப்ப நீ சொன்னியா?” என்றான்.

மறுநாள் அவனுடைய ஐந்தாம் வகுப்பு ஆசிரியையைப் பார்க்கப் போனேன். அவர் மேசையில் அந்த அட்டை இருந்தது, அவர் வீட்டுக்கும் வந்திருக்கிறது. கோபப்படவில்லை. ஒரு பிள்ளை சார்ட்டர் பள்ளிக்குப் போனால் அந்தப் பிள்ளைக்கான பணம் ஊர்ப் பள்ளியின் கணக்கிலிருந்து கூடவே போகிறது, அதை ஈடுகட்ட மாநிலம் கொடுப்பதாகச் சொன்ன தொகை முழுதாக வருவதில்லை, வகுப்பறையும் பேருந்தும் அதே செலவில்தான் ஓட வேண்டும் என்று அமைதியாக விளக்கினார். ஏழு மாதமாக அந்த இயக்கத்தில் இருந்த எனக்கு இதை ஒருவர்கூடச் சொன்னதில்லை. கடைசியில், “அந்த வரி உங்களுடையதா?” என்று கேட்டார். என் கதையிலிருந்து செய்தது என்று மட்டும் சொல்ல முடிந்தது. அப்புறம் கடையில் எங்கேயாவது பார்த்தால் தலையசைப்பார், நின்று பேசமாட்டார். கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய அட்டைக்குப் பதில் வரவில்லை.

படத்தை நிறுத்தச் சொல்லி எழுதினேன். அச்சாகி அனுப்பியாகிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். ஆகவே பிள்ளைகளின் படம் விஷயத்தில் என் கருத்து இப்போது இதுதான்: கொடுக்கவே வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கூட்டாளிகள் என்ற சொல்லைப் பேனாவால் அடித்துவிடுங்கள், எந்தத் தேதிவரை என்று எழுதுங்கள், கூட வரும் வாசகத்தை அச்சாகுமுன் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள், கையெழுத்திட்ட நகலை அங்கேயே படமெடுத்துக்கொள்ளுங்கள். அடித்து எழுதியதற்கு அவர்கள் முகம் சுளித்தால், உங்கள் வேலை அங்கேயே முடிந்தது.

நவம்பர் 8-ஆம் தேதி கேள்வி 2 தோற்றது. எதிராக 62 விழுக்காடு, ஆதரவாக 38. ஆளுநர் சார்லி பேக்கரே விளம்பரத்தில் தோன்றி ஆதரவு கேட்டும் அந்தத் தோல்வி. இரண்டு தரப்பும் சேர்ந்து 4 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருந்தார்கள், அந்த மாநிலத்தில் வாக்குச் சீட்டுக் கேள்விக்கு அதுவரை இல்லாத தொகை. ஒரு மாநிலத்துப் பள்ளிச் சட்டத்துக்கு! வால்மார்ட் குடும்பத்தின் ஜிம் வால்டன் 11.25 லட்சம் டாலர், அவர் சகோதரி ஆலிஸ் 7 லட்சத்துக்கு மேல், ஆதரவுக் குழுக்களுக்குக் கொடுத்தது தேர்தலுக்கு முன்பே வெளியே தெரிந்தது. அவர்களுக்கும் வூஸ்டருக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது நானும் கேட்கவில்லை.

தெரியாமல் இருந்தது 2017 செப்டம்பரில் வந்தது. சமையலறையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தேன். ‘ஃபேமிலிஸ் ஃபார் எக்சலன்ட் ஸ்கூல்ஸ் அட்வகசி’ என்ற அமைப்பு, ஆதரவுப் பிரசாரத்துக்கு 1.5 கோடி டாலருக்கு மேல் கொடுத்துவிட்டு, அந்தப் பணம் யாரிடமிருந்து வந்தது என்பதை மறைத்ததாக மாநிலத்தின் தேர்தல் நிதி அலுவலகம் கண்டுபிடித்திருந்தது. 4,26,466 டாலர் கட்டச் சொன்னார்கள். அந்த அலுவலகம் அதுவரை வசூலித்ததிலேயே பெரிய தொகை. தாய் அமைப்பு நான்கு ஆண்டுகள் மாசச்சூசெட்ஸ் தேர்தல் வேலையில் இறங்கக் கூடாது, கொடுத்தவர்கள் பட்டியலை வெளியிட வேண்டும் என்றும் முடிவானது. பட்டியலில் பாஸ்டனின் முதலீட்டு நிறுவன முதலாளிகள் வரிசையாக நின்றார்கள், பௌபோஸ்ட் நிறுவனத்தின் செத் கிளார்மன் உட்பட. என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொரு பெயர். பால் சேகன், அப்போது மாநிலக் கல்வி வாரியத்தின் தலைவர், 4,96,000 டாலர். புதிய சார்ட்டர் பள்ளிகளுக்கு அனுமதி கொடுக்கும் அதே வாரியம். அந்த அமைப்பு 2018 பிப்ரவரியில் மூடப்பட்டது. நியூயார்க்கில் தொடங்கிய அமைப்பு, பெயரில் ‘குடும்பங்கள்’.

நான் இருந்தது இந்த அமைப்பில் இல்லை. எங்கள் குழுவுக்கு வந்த பணம் எங்கிருந்து என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. ஆனால் பணம் ஓடும் வழி அன்றைக்குத்தான் புரிந்தது. வாக்குச் சீட்டுக் குழு தனக்குப் பணம் கொடுத்தவரின் பெயரை வெளியிட்டாக வேண்டும். ஆனால் பெயர் வெளியே தெரிய விரும்பாத பணக்காரர் நேராக அதற்குக் கொடுப்பதில்லை. வருமான வரிச் சட்டத்தில் 501(சி)(4) என்ற பிரிவில் பதிவான ஓர் அமைப்புக்குக் கொடுப்பார். அந்த அமைப்பு குழுவுக்குக் கொடுக்கும். விளம்பரத்தின் ஓரத்தில் பெரிய நன்கொடையாளர் என்று இருக்கும் பெயர்கள் குடும்பங்கள், கல்வி, வளர்ச்சி என்று அழகழகாக இருக்கும். அவை ஆட்களின் பெயர் இல்லை, இன்னொரு பெட்டியின் பெயர். நானும் என் மகனும் அந்தப் பெட்டி மேல் ஒட்டிய வண்ணத்தாள். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதைத் தேடிப் பார்க்கும் வழியைத் தோழிக்கு விரிவாகச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் அமைப்பு 501(சி)(3)-ஆ (சி)(4)-ஆ என்று கேளுங்கள். நான் நன்கொடை கொடுத்தால் வரிச் சலுகை உண்டா என்று அப்பாவியாகக் கேட்டாலே போதும். இல்லை என்றால் பெரும்பாலும் இரண்டாவது வகை, அரசியல் செல்வாக்குத் தேடுவதில் அதற்குக் கை அதிகம் திறந்திருக்கும். இரண்டு வகையும் ஆண்டுதோறும் 990 என்ற படிவத்தை வரித்துறைக்குக் கொடுக்க வேண்டும், அதைப் ‘புரோபப்ளிகா’ என்ற செய்தி நிறுவனத்தின் இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம். மொத்த வருமானம் எவ்வளவு, தலைமை அதிகாரிக்குச் சம்பளம் எவ்வளவு, லாபி செய்யச் செலவு எவ்வளவு, வேறு எந்த அமைப்புக்கெல்லாம் பணம் போகிறது, எல்லாம் அதில் இருக்கும். பணம் கொடுத்தவர் பெயர் மட்டும் மறைத்திருக்கும். அங்கே சோர்ந்துவிடாதீர்கள், மறுபக்கத்திலிருந்து தேடுங்கள். தனியார் அறக்கட்டளைகள் தாம் யாருக்குக் கொடுத்தோம் என்று தம்முடைய படிவத்தில், 990-பிஎஃப், ஒவ்வொன்றாக எழுதியாக வேண்டும். வாங்கினவர் வாயைத் திறக்காவிட்டாலும் கொடுத்தவர் கணக்கில் அகப்படும். வால்டன் குடும்ப அறக்கட்டளை 2016 ஜனவரியில், சார்ட்டர் பள்ளிகளுக்கும், பள்ளியைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கும் உரிமைக்குமாக ஐந்து ஆண்டுகளில் 100 கோடி டாலர் என்று அறிவித்தபோது ஒளித்துச் செய்யவில்லை. அந்தப் பணம் கைமாறிக் கைமாறி உள்ளூர் நூலகம்வரை வரும்போதுதான் பெயர் தேய்ந்துபோகிறது. இன்னொன்று, படிவம் ஒன்றிரண்டு ஆண்டு தாமதமாகத்தான் வரும். புத்தம் புதிய அமைப்பு என்றால் படிவமே இருக்காது. தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பு முளைத்த அமைப்பு என்றால் அந்த ஒன்றே பதில்.

சரி, எதிர்த்தரப்பு மட்டும் சுத்தமா என்று கேட்பீர்கள். எதிர்ப்புப் பிரசாரத்தின் பணம் பெரும்பாலும் ஆசிரியர் சங்கங்களுடையது. அதுவும் ஏராளமான பணம். அவர்களுக்கும் சொந்த நலன் உண்டு, சார்ட்டர் பள்ளிகளில் பெரும்பாலும் சங்கம் கிடையாதே. ஆனால் சங்கம், சங்கம் என்றே சொல்லிக்கொண்டு வந்தது. அதேபோல் சார்ட்டர் பள்ளி கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. பாஸ்டன் சார்ட்டர் பள்ளிகளில் குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகள் கிடைக்காதவர்களைவிட நன்றாக முன்னேறினார்கள் என்று எம்ஐடி பொருளாதார ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள், எனக்கு அதில் சந்தேகமில்லை. 32,000 கணக்கில்தான் சந்தேகம். இந்தக் காத்திருப்போர் கணக்கு நம்பும்படி இல்லை என்று மாநிலத் தணிக்கையாளர் சூசான் பம்ப் 2014-லேயே சொல்லியிருந்ததைப் பின்னால்தான் படித்தேன். நான் கதவு கதவாகத் தட்டி ஒப்பித்த எண் அது.

பின்னால் படித்ததில் மனதை விட்டு அகலாத ஒன்று சிகாகோ கதை. ‘ஸ்டாண்ட் ஃபார் சில்ட்ரன்’ என்ற அமைப்பின் தலைவர் ஜோனா எடல்மன் 2011-இல் ஆஸ்பென் என்ற மலையூரில் ஒரு கருத்தரங்கில், இல்லினாய் மாநிலத்தில் தேர்தல் நிதியும் லாபிக்காரர்களும் வைத்து ஆசிரியர் சங்கத்தை எப்படி மடக்கினோம் என்று மேடையில் உற்சாகமாக விவரித்தார். அப்படி நிறைவேற்றிய கல்விச் சட்டத்தில் சிகாகோ ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்ய 75 விழுக்காடு உறுப்பினர் சம்மதம் வேண்டும் என்று வைத்தார்கள், அது எட்டவே முடியாது என்ற கணக்கில். காணொளி வெளியே பரவியதும் மன்னிப்புக் கேட்டார். மறு ஆண்டே ஏறக்குறைய 90 விழுக்காடு பேர் சம்மதித்து வேலைநிறுத்தம் நடந்தது தனிக்கதை. அவர் பேச்சைக் கேட்டபோது நான் தேடியது ஒன்றைத்தான்: அதில் பெற்றோர் எங்கே வருகிறார்கள்? அந்த அமைப்பும் பிள்ளைகளுக்காகப் பெற்றோரைத் திரட்டுவதில் தொடங்கியதுதான்.

தோழியின் டெக்சஸில் விஷயம் சார்ட்டர் பள்ளி இல்லை, தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு பணம் கொடுக்கும் கல்விக் கணக்குத் திட்டம். 2025 மே மாதம் 100 கோடி டாலருக்குச் சட்டமாகிவிட்டது. அதற்குச் சட்டமன்றத்தில் வழி உண்டாக்க நடந்த தேர்தல் வேலைக்காக, பென்சில்வேனியாக்காரரான முதலீட்டாளர் ஜெஃப் யாஸ், ஆளுநர் கிரெக் அபட்டின் நிதிக்கு 2023 டிசம்பரில் ஒரே காசோலையில் 60 லட்சம் டாலர் கொடுத்தார். இதை அவளிடம் சொன்னதும், “அக்கா, எங்க குரூப் ரொம்பச் சின்னது, பத்து அம்மாதான்” என்றாள். எங்களுடையதிலும் நாற்பது பேர்தான் என்றேன். யார் பணம் தருகிறார்கள், யார் வாசகம் எழுதுகிறார்கள், நாங்கள் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டால் முடிவு மாறுமா என்ற மூன்று கேள்வியையும் மின்னஞ்சலில் கேள், நேரில் கேட்காதே, பதில் எழுத்தில் இருக்கட்டும் என்றேன்.

நான்கு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் அந்தப் படிவத்தைப் படமெடுத்து அனுப்பினாள். இரண்டாவது பத்தியில் ‘கூட்டாளி அமைப்புகள்’ அப்படியே இருக்கிறது. கீழே அவளுடைய செய்தி: “மெயில் போட்டேங்க்கா. அதுக்கு எழுதிப் பதில் வரலை. வியாழக்கிழமை ஜூம்ல பேசலாம்னு கூப்பிட்டிருக்காங்க.”